முதல் போகிமான் டோர்னமெண்ட்டுக்கு ரெடியாகுறது எப்படி: டீம்ல இருந்து மேட்ச் நாள் வரைக்கும்

போகிமான் ஸ்கார்லெட் வயலெட்ல கதைய முடிச்சுட்டு நேரா ரேங்க்டு பேட்டிலுக்கு (ஆன்லைன்ல மத்தவங்களோட மோதுற மோட்) போறவங்க நிறைய பேரு கொஞ்ச நாள்லயே விட்டுட்டுப் போயிடுறாங்க. லெவல் 100ல ஆறு போகிமான் வெச்சிருக்கோம், எல்லாம் நல்லா அடிக்கும், ஆனா ரெண்டாவது டர்ன்லயே ரெண்டு காலி. இதுல உங்க போகிமான் வீக்குங்கிற பிரச்சனையே கிடையாது, எதிர்ல ஆடுறவரு "முதல் டர்ன் இது, ரெண்டாவது டர்ன் இது"ன்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டு வந்திருக்காரு, நாம வந்ததுக்கு அப்புறம்தான் யோசிக்கிறோம். டோர்னமெண்ட்டுக்கு ரெடியாகுறதுன்னா பெரும்பாலும் அந்த முடிவுகள வீட்லயே எடுத்து வெச்சுக்குறதுதான். அத எப்படி பண்றதுன்னு ஒண்ணொண்ணா சொல்றேன், முழுக்க புதுசா வர்றவங்களுக்கு.

முதல்ல எந்த ரூல்னு பாருங்க

அஃபிஷியல் டோர்னமெண்ட் ஃபார்மட்டுக்குப் பேரு விஜிசி (வீடியோ கேம் சாம்பியன்ஷிப்ஸ்). இது டபுள்ஸ், அதாவது ரெண்டுக்கு ரெண்டு நிக்கும். ஆறு போகிமான் கொண்டு போவீங்க, எதிராளியோட ஆறையும் பாத்துட்டு 90 செகண்டுக்குள்ள அதுல நாலு பேர மட்டும் எடுப்பீங்க. எல்லாமே லெவல் 50க்கு வந்துடும், அதனால லெவல் 100 வரைக்கும் ஏத்தி வெச்சதுக்கு இங்க எந்த மரியாதையும் இல்ல. ஒரே போகிமான் ரெண்டு வெக்கக் கூடாது, ஒரே ஐட்டத்த ரெண்டு பேருக்குக் குடுக்கவும் கூடாது. (ஒண்ணுக்கு ஒண்ணு நிக்கிற சிங்கிள்ஸ் ஆடணும்னா ஸ்மோகன்ங்கிற ஃபேன் சைட் ஆளுங்களோட ரூல்ஸ் தனி உலகம், அது வேற கட்டுரை.)

எந்த போகிமான் அலவ்டுங்கிறது ரெகுலேஷன (அந்தந்த சமயத்துக்கான ரூல் செட்) பொறுத்து மாறிக்கிட்டே இருக்கும். 2024ல ஹோனலுலு வேர்ல்ட்ஸ் (உலக சாம்பியன்ஷிப்) நடந்தது ரெகுலேஷன் ஜில, அதுல மிராய்டான் கொராய்டான் மாதிரி பெரிய லெஜண்டரி ஒண்ணே ஒண்ணுதான், 2025 அனாஹைம் வேர்ல்ட்ஸ்ல ரெகுலேஷன் ஐ, அதுல ரெண்டு வெக்கலாம். இந்த ஒரு மாத்தத்துலயே ஆட்டம் மொத்தமா வேற ஆயிடும். அதனால டீம் தேட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நீங்க போகப்போற டோர்னமெண்ட் எந்த கேம்ல, எந்த ரெகுலேஷன்லன்னு பாத்துடுங்க. 2025 பிப்ரவரில போகிமான் சாம்பியன்ஸ்னு பேட்டிலுக்குன்னே ஒரு தனி கேமையும் அறிவிச்சாங்க. கீழ நான் சொல்ற நம்பரு, போகிமான் பேரு எல்லாம் ஸ்கார்லெட் வயலெட் கணக்கு, யோசிக்கிற முறை எந்த கேமுக்கும் ஒண்ணுதான்.

கேம் வாங்குறதுக்கு முன்னாடியே ஆரம்பிக்கலாம்

போகிமான் ஷோடவுன்னு ஒண்ணு இருக்கு, ப்ரவுசர்லயே ஓடும், ஃப்ரீ, ஸ்விட்ச் கூட தேவையில்ல. டீம டைப் பண்ணி அஞ்சு நிமிஷத்துல மேட்ச் ஆட ஆரம்பிச்சுடலாம். டாப்ல ஆடுறவங்களும் அங்கதான் ப்ராக்டிஸ் பண்றாங்க, ஏன்னா கேம்ல ஒரு போகிமான ரெடி பண்ற நேரத்துல இங்க பத்து மேட்ச் ஆடிடலாம். கைல ஸ்விட்ச் இருந்தா இன்னொரு வழி, ரெண்டல் டீம். அடுத்தவங்க குடுத்த கோட போட்டா அவங்க டீம் அப்படியே உங்களுக்கு வந்துடும், ரேங்க்டுல ஆடிப் பாக்கலாம்.

என்னோட கருத்து இதுதான், முதல் டீம நீங்களா கட்டாதீங்க. ஏற்கனவே டோர்னமெண்ட்ல நல்லா ஆடுன ஒரு டீம எடுத்து அப்படியே ஆடுங்க. காப்பியடிக்கிறோமேன்னு கூச்சப்பட வேண்டாம், இந்த கம்யூனிட்டில டீம வெளிய போடுறதே மத்தவங்க எடுத்து ஆடத்தான். ஒரு நல்ல டீம கொஞ்ச நாள் ஆடுனாதான் "ஓ, இந்த போகிமான் இதுக்காகத்தான் இங்க இருக்கா"ன்னு புரியும், அது புரியாம சொந்தமா கட்டுற டீம் ஆறு ஃபேவரிட் போகிமான சேத்து வெச்ச ஆல்பம் மாதிரிதான் இருக்கும்.

டீம்ல யாரு எதுக்கு

அதுக்காக ஃபேவரிட்டே வெக்கக் கூடாதுன்னு சொல்லல. 2014ல வாஷிங்டன் டிசில நடந்த வேர்ல்ட்ஸ்ல செஜுன் பார்க் பச்சிரிசுவ வெச்சு ஜெயிச்சாரு, அந்தக் குட்டி எலக்ட்ரிக் அணில யாரும் சீரியஸா எடுத்ததே இல்ல. ஆனா அவரு அழகா இருக்குன்னு மட்டும் வெக்கல. அதுக்கு ஃபாலோ மீ இருந்துச்சு, பக்கத்துல நிக்கிறவங்க மேல வர்ற அடிய தன் மேல இழுத்துக்கும், வோல்ட் அப்சார்ப் இருந்ததால எலக்ட்ரிக் அடி வந்தா அடிபடாம ஹெச்பிதான் ஏறும், பக்கத்துல நின்ன கயாரடாஸுக்கு எலக்ட்ரிக்தான் பெரிய பயம். ஒவ்வொரு போகிமானையும் இப்படி ஒரு வரில "இது இதுக்கு"ன்னு சொல்ல முடியணும். சொல்ல முடியலன்னா அத எடுத்துடுங்க.

நான் ஒரு டீம வெச்சே சொல்றேன், பெரிய லெஜண்டரி இல்லாத ரூலுக்கு ஆகுற மாதிரி: டொர்னாடஸ், வாட்டர் உர்ஷிஃபு, ஃப்ளட்டர் மேன், ரில்லாபூம், இன்சினரோர், அமூங்கஸ். டொர்னாடஸ் பிராங்க்ஸ்டர் அபிலிட்டியால எல்லாருக்கும் முன்னாடி டெயில்விண்ட் போடும், நாலு டர்னுக்கு நம்ம பக்கம் ஸ்பீடு டபுள். உர்ஷிஃபு ப்ரொடெக்ட்டையே (அந்த டர்ன்ல வர்ற அடிய தடுக்குற மூவ்) தாண்டி அடிக்கும், சர்ஜிங் ஸ்ட்ரைக்ஸ் மூணு தடவை விழும், மூணும் கிரிட்டிக்கல், அதாவது வழக்கத்த விட பலமான அடி. ஃப்ளட்டர் மேன் ஸ்பெஷல் அடி. ரில்லாபூமும் இன்சினரோரும் ஃபேக் அவுட் போடுறவங்க, அதாவது களத்துக்கு வந்த முதல் டர்ன்ல மட்டும் எதிராளில ஒருத்தர ஆட விடாம பண்ணலாம். இன்சினரோர் உள்ள வரும்போதே இன்டிமிடேட்டால எதிர்ல ரெண்டு பேரோட அட்டாக்கும் குறையும், பார்ட்டிங் ஷாட் போட்டு வெளிய போகும், திரும்ப வரும், திரும்ப இன்டிமிடேட், இந்தப் பூனைய இத்தன வருஷமா எல்லாரும் தூக்கிட்டு அலையுறதுக்குக் காரணம் இதான். அமூங்கஸ் ஸ்போர் போட்டு தூங்க வெக்கும், ரேஜ் பவுடரால அடிய தன் மேல இழுக்கும்.

இதுல பாத்தீங்கன்னா நேரடியா அடிக்கிற வேலை ரெண்டு மூணு பேருக்குத்தான், மத்தவங்க எல்லாம் அவங்க அடிக்கிறதுக்கு வழி பண்றவங்க. புதுசா கட்டுறவங்க டீம்ல ஆறுமே அடிக்கிற ஆளா இருக்கும், நாலு மூவுமே அட்டாக்கா இருக்கும், ப்ரொடெக்ட் எங்கயுமே இருக்காது. டபுள்ஸ்ல ப்ரொடெக்ட் இல்லாம ஆடுறது ரொம்ப கஷ்டம். எதிராளி ரெண்டு பேரும் சேந்து உங்க ஒருத்தர குறி வெக்கிற டர்ன்ல நீங்க ப்ரொடெக்ட் போட்டா அவங்க ரெண்டு அடியும் வேஸ்ட், உங்க இன்னொரு ஆளு சும்மா ஒரு அடி அடிச்சிருப்பாரு. அசால்ட் வெஸ்ட் மாதிரி ஐட்டம் போட்டா ப்ரொடெக்ட் போட முடியாது, அத தெரிஞ்சே தேர்ந்தெடுங்க.

டெரா, அதாவது மேட்ச் நடுவுல டைப் மாத்துறது பத்தி சுருக்கமா சொல்லிடுறேன். ஒரு மேட்ச்ல ஒரே தடவ, ஒருத்தர் மட்டும் டைப் மாத்திக்கலாம். அமூங்கஸுக்கு டெரா வாட்டர் வெச்சா டபுளா விழ வேண்டிய ஃபயர் அடி பாதியாதான் விழும், நாலுல ஒரு பங்கு. இப்படி "எந்த அடில சாகுறோம், அதுக்கு எந்த டைப்"ன்னு யோசிச்சு வைங்க.

ஸ்பீடு கணக்கு

இந்த கேம்ல யாரு முன்னாடி ஆடுறாங்கங்கிறதுதான் பாதி சண்டை. புதுசா வர்றவங்க எல்லாருக்கும் ஸ்பீடுல 252 இவி (ஸ்டாட்ட ஏத்த நாம பிரிச்சுப் போடுற பாயிண்ட்) கொட்டிடுவாங்க, மீதி 252 அட்டாக்குல, முடிஞ்சுது. கொஞ்சம் கணக்கு போட்டுப் பாருங்க.

ஃப்ளட்டர் மேன் பேஸ் ஸ்பீடு 135, ஃபுல் இவி, ஸ்பீட ஏத்துற டிமிட் நேச்சர் போட்டா லெவல் 50ல 205. ரில்லாபூம் பேஸ் ஸ்பீடு 85, ஒரு இவி கூட போடாம விட்டா 105. டெயில்விண்ட் இருந்தா 210. அதாவது ஸ்பீடுல ஒண்ணுமே போடாத ரில்லாபூம், டெயில்விண்ட்ல எதிராளியோட ஃபுல் ஸ்பீடு ஃப்ளட்டர் மேன விட முன்னாடி ஆடும். அப்ப அந்த 252 இவிய ஹெச்பில போட்டா 175 இருந்தது 207 ஆகுது, ஒரு அடி கூடுதலா தாங்கும். ஆனா எதிராளி ஃப்ளட்டர் மேன் கைல பூஸ்டர் எனர்ஜிங்கிற ஐட்டம் இருந்து அது ஸ்பீட ஏத்துச்சுன்னா 307, அத ரில்லாபூம் ஃபுல் ஸ்பீடு போட்டு டெயில்விண்ட்ல நின்னாலும் 300தான், புடிக்கவே முடியாது. புடிக்க முடியாததுக்கு இவி போட்டு என்ன ஆகப்போகுது? அத ஃபேக் அவுட்டாலயும் தடுக்க முடியாது, ஃப்ளட்டர் மேன் கோஸ்ட் டைப், ஃபேக் அவுட் அதுமேல விழாது, ஆனா ரில்லாபூம் களத்துல விரிக்கிற கிராஸி டெரைன்ல அதோட கிராஸி க்ளைடு மூவ் ப்ரையாரிட்டியா, அதாவது ஸ்பீடு பாக்காம முன்னாடி போகும், ஸ்பீடே தேவையில்ல, ஃப்ளட்டர் மேனோட டிஃபென்ஸ் ரொம்ப மோசம். இப்படித்தான் ஒவ்வொண்ணுக்கும் வழி தேடணும்.

இவில ஒரு சின்ன விஷயம், லெவல் 50ல முதல் 4 இவிக்கு ஒரு பாயிண்ட், அப்புறம் ஒவ்வொரு 8க்கும் ஒரு பாயிண்ட். அதனால 4, 12, 20, 28 இப்படி வர்ற நம்பர்ல நிறுத்துங்க, நடுவுல நிறுத்துனா வேஸ்ட். மொத்தம் 510, ஒரு ஸ்டாட்டுக்கு அதிகபட்சம் 252.

ஒரு அடில எவ்ளோ ஹெச்பி போகும்னு சொல்ற டேமேஜ் கால்குலேட்டர் கட்டாயம் பழகுங்க. ஒவ்வொரு அடியும் 85ல இருந்து 100 சதவீதத்துக்குள்ள 16 விதமா விழலாம், கால்குலேட்டர் "6.25% சான்ஸ்ல ஒரே அடில காலி"ன்னு காட்டுனா 16ல ஒரே ஒரு ரோல்லதான் சாவோம்னு அர்த்தம். ரெண்டு பேரையும் சேத்து அடிக்கிற மூவுக்கு டேமேஜ் 75 சதவீதம்தான், அத மறந்துட்டு மனக்கணக்கு போடாதீங்க. ஹீட் வேவ் மாதிரி 90 அக்யூரசி மூவ் ரெண்டு பேர் மேலயும் சேந்து விழ 81 சதவீதம்தான் சான்ஸ். இந்த ரெண்டு அடியும் விழுந்தாதான் ஜெயிப்போம்னு ஒரு பிளான் இருந்தா அது அஞ்சுல ஒரு தடவ உடையும்.

பிளான எழுதி வைங்க

இதுதான் முக்கியம், இதுக்காகத்தான் இவ்ளோ நேரம் எழுதினேன். ஒரு நோட்டு எடுங்க, போன்லயும் எழுதலாம், ஆனா எழுதுங்க. நீங்க அடிக்கடி பாக்குற டீம் வகைங்க ஒரு ஆறேழு இருக்கும்: மழை டீம் (பெலிப்பர், ஆர்க்கலூடான்), வெயில் டீம், டெயில்விண்ட் போட்டு வேகமா அடிக்கிற டீம், ட்ரிக் ரூம் டீம் (ஸ்லோவானவங்க முன்னாடி ஆடுற மாதிரி வரிசைய தலைகீழாக்குற மூவ்), இன்சினரோர் ரில்லாபூம்னு சுத்தி சுத்தி ஆடுற பேலன்ஸ் டீம். ஒவ்வொண்ணுக்கும் மூணு விஷயம் எழுதணும். எந்த நாலு பேரு, முதல்ல யாரு ரெண்டு பேரு, முதல் டர்ன் என்ன. கூடவே, அவங்க பக்கம் எந்த ஒருத்தர் போனா நாம ஜெயிச்ச மாதிரிங்கிறதையும்.

ட்ரிக் ரூம எடுத்துக்கோங்க. மேல சொன்ன டீம வெச்சு ஆடுறீங்க, எதிர்ல ஃபாரிகிராஃபும் ப்ளட்மூன் உர்சலூனாவும் தெரியுது. மனசு உடனே "ஃபேக் அவுட் போட்டு நிறுத்திடலாம், டொர்னாடஸ் டாண்ட் (அட்டாக் தவிர வேற மூவ் போட விடாது) போடலாம்"னு சொல்லும். ரெண்டுமே நடக்காது. ஃபாரிகிராஃபோட ஆர்மர் டெயில் அபிலிட்டி அந்தப் பக்கம் ரெண்டு பேர் மேலயும் ப்ரையாரிட்டி மூவ் எதுவும் விழாம பண்ணிடும், பிராங்க்ஸ்டர் டாண்ட்டும் ப்ரையாரிட்டிதான், கிராஸி க்ளைடும் போச்சு, ஆக்வா ஜெட்டும் போச்சு. இத மேட்ச் நடுவுல கண்டுபுடிச்சீங்கன்னா முதல் டர்ன் முழுசா போயிடும், ட்ரிக் ரூம் ஏறிடும்.

அப்ப வீட்ல உக்காந்து யோசிங்க. ட்ரிக் ரூம் அஞ்சு டர்ன், ஆனா போட்ட டர்னும் அதுல சேரும், அதனால அவங்களுக்கு உண்மைல கிடைக்கிறது நாலு டர்ன். ஏறட்டும்னு விட்டுட்டு அந்த நாலு டர்ன கடத்துறதுதான் பிளானா இருக்கலாம். ட்ரிக் ரூம்ல ஸ்லோவான ஆளுதான் முன்னாடி, நம்ம அமூங்கஸ் பேஸ் ஸ்பீடு 30, உர்சலூனா 52, ஃபாரிகிராஃப் 60, அவங்க போட்ட ரூம்ல நாமதான் முதல்ல ஸ்போர் போடுவோம். பக்கத்துல உர்ஷிஃபு, அதோட தண்ணி அடி, ஃபைட்டிங் அடி ரெண்டுமே உர்சலூனாவுக்கு டபுள். ஒரு டர்ன் ப்ரொடெக்ட், ஒரு டர்ன் இன்சினரோர மாத்தி உள்ள விடுறது, நாலு டர்ன் ஓடிடும். ஆனா அதே டீம்ல டோர்கோல் இருந்தா கதை மாறிடும், அதோட பேஸ் ஸ்பீடு 20, அமூங்கஸுக்கு முன்னாடியே ஆடும், வெயில்ல அதோட எரப்ஷன்ங்கிற ஃபயர் மூவ் விழுந்தா அமூங்கஸ் நிக்காது, அங்க இன்சினரோரும் உர்ஷிஃபுவும் முதல்ல நிக்கணும், அமூங்கஸ் வந்தா டெரா வாட்டர் செலவு பண்ணியே ஆகணும். பாருங்க, ஒரே ஒரு போகிமான் மாறுனதுக்கு முதல் டர்னே மாறுது. 90 செகண்ட்ல இவ்ளோவையும் யோசிக்க முடியாது.

இன்னொண்ணு, நேர்ல நடக்குற அஃபிஷியல் டோர்னமெண்ட்ல ஓப்பன் டீம் ஷீட். எதிராளியோட மூவ், ஐட்டம், அபிலிட்டி, டெரா டைப் எல்லாம் பேப்பர்ல உங்களுக்குத் தெரியும், இவியும் நேச்சரும் மட்டும் தெரியாது. ஷோடவுன்ல ப்ராக்டிஸ் பண்ணும்போதும் இந்த ஃபார்மட்டயே தேர்ந்தெடுங்க. ஷீட் கைக்கு வந்ததும் முதல்ல தேட வேண்டியது: யாருக்கு சேஃப்டி காகிள்ஸ், யாருக்கு டெரா கிராஸ் (ரெண்டுக்கும் ஸ்போர் வேலை செய்யாது), யாருக்கு கோவர்ட் க்ளோக் (இருந்தா ஃபேக் அவுட் அடி விழும், ஆனா ஆட விடாம பண்ணாது), ஸ்பீட மாத்துற மூவ் எது.

ப்ராக்டிஸ்

லேடர்ல (ஆன்லைன் ரேங்கிங் மேட்ச்) ஒரு நாளைக்கு இருபது மேட்ச் ஆடுறத விட அஞ்சு மேட்ச் ஆடி தோத்ததோட ரீப்ளேவப் பாக்குறது நல்லது. பாக்கும்போது கடைசி டர்ன பாக்காதீங்க, எந்த டர்ன்ல கை நழுவுச்சுன்னு பாருங்க, நிறைய தடவை அது நாலு பேர தேர்ந்தெடுத்த இடத்துலயே இருக்கும். கிரிட்டிக்கல் விழுந்து தோத்தா அத விட்டுடுங்க, 24ல ஒரு தடவை விழத்தான் செய்யும்.

டோர்னமெண்ட்ல மூணுல ரெண்டு ஜெயிக்கணும், ஸ்விட்ச்ல ஆடுற ரேங்க்டுல ஒரே கேம். அது வேற மாதிரி ஆட்டம். முதல் கேம்ல எதிராளி எந்த நாலு பேர கொண்டு வந்தாரு, எது உங்கள விட வேகமா ஆடுச்சு, எந்த அடில எவ்ளோ ஹெச்பி போச்சுன்னு கவனிச்சு ரெண்டாவது கேம்ல உபயோகிக்கணும். இதுக்கு ஃப்ரெண்டு ஒருத்தரோட ஆடுறது நல்ல வழி. நீங்க ரொம்ப பயப்படுற டீம அவங்ககிட்ட குடுத்து ஆடச் சொல்லுங்க. ஒரு தடவை பக்கத்த மாத்தி நீங்க அந்த டீம ஆடிப் பாருங்க, அவங்களுக்கு எங்க வலிக்குதுன்னு அப்பதான் தெரியும்.

கடைசி வாரத்துல டீம மாத்தாதீங்க. ரெண்டு நாள் தொடர்ந்து தோத்தா கை துறுதுறுன்னு இருக்கும், புது டீம் ஒண்ணு கண்ணுல படும், வேண்டாம். நல்லா பழகுன சுமாரான டீம், பழகாத நல்ல டீம விட அதிகமா ஜெயிக்கும்.

கேம்ல போகிமான ரெடி பண்றது

இது வேலைதான், ஆனா கஷ்டமில்ல. நேச்சருக்கு மின்ட், ஐவிக்கு (போகிமானோட பொறவியிலயே வர்ற ஸ்டாட் பாயிண்ட்) பாட்டில் கேப், ஒளிஞ்சிருக்கிற அபிலிட்டிக்கு அபிலிட்டி பேட்ச், இவிக்கு வைட்டமின், டெரா மாத்த அந்த டைப் டெரா ஷார்ட் 50. காசு பத்தலன்னா அகாடமி ஏஸ் டோர்னமெண்ட்ட திரும்பத் திரும்ப ஆடுங்க. ட்ரிக் ரூம் போகிமானுக்கு ஸ்பீடு ஐவி 0 வேணும்னா அத பாட்டில் கேப்பால பண்ண முடியாது, அப்படியே கிடைக்கணும், அதனால அத முதல்ல தேட ஆரம்பிங்க.

ஹேக் பண்ணி ஜெனரேட் பண்ண போகிமான் யாரு சும்மா குடுத்தாலும் வாங்கி டீம்ல வெக்காதீங்க. 2023 யோகோஹாமா வேர்ல்ட்ஸ்லயே செக் பண்ணி பல பேர டிஸ்குவாலிஃபை பண்ணாங்க. ட்ரேடுல வந்தது எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியலன்னா அத விட்டுட்டு நீங்களே ஒண்ணு புடிங்க.

மேட்ச் நாள்

அஃபிஷியல் டோர்னமெண்ட்ல பதிய வேண்டிய பிளேயர் ஐடி முன்னாடியே எடுத்து வைங்க, ரெஜிஸ்ட்ரேஷன் ஓப்பன் ஆகுற அன்னைக்கு தேடிக்கிட்டு இருக்காதீங்க. டீம் லிஸ்ட்ல எழுதுனதும் கேம்ல இருக்கதும் ஒரே மாதிரி இருக்கணும், ஒரு மூவ் மாறி இருந்தாலும் பெனால்ட்டி, கேம் லாஸ் வரைக்கும் போகும். கேமத் தொறந்து பக்கத்துல வெச்சு ஒவ்வொரு வரியா சரி பாருங்க, இன்னொருத்தர படிக்கச் சொல்லி நீங்க கேம்ல பாத்தா இன்னும் நல்லது. கன்சோல ஃபுல் சார்ஜ் பண்ணிடுங்க, சார்ஜர், பவர் பேங்க், தண்ணி பாட்டில், சாப்பிட ஏதாவது. ரீஜனல் மாதிரி பெரிய டோர்னமெண்ட்ல முதல் நாளே எட்டு ஒன்பது ரவுண்டு போகும், சாயங்காலம் ஆகும்போது பசில எடுக்குற முடிவு எல்லாம் தப்பாதான் இருக்கும்.

டைமர மறந்துடாதீங்க. ஒரு டர்னுக்கு 45 செகண்ட், ஆனா உங்களுக்குன்னு மொத்தம் 7 நிமிஷம்தான், ஒரு கேம் 20 நிமிஷம். முதல் டர்ன்ல வீட்ல எழுதி வெச்ச பிளான உடனே அமுக்குனீங்கன்னா அந்த நேரம் கடைசில ரெண்டுக்கு ரெண்டு நிக்கும்போது கைல இருக்கும், அங்கதான் உக்காந்து எண்ணணும்.

கேம் நடக்கும்போது குறிப்பு எழுதுங்க, எதுவும் எழுதாத வெத்துப் பேப்பர்ல இருந்து ஆரம்பிச்சா அலவ்டுதான். கேமுக்கு நடுவுல எதிராளி கொண்டு வந்த நாலு பேரு, டெரா பண்ணது யாரு, இந்த ரெண்டு மட்டும் எழுதுனாலே போதும். ஒரு ரவுண்டு தோத்தா அதப் பத்தி அடுத்த ரவுண்டுக்கு முன்னாடி யாருகிட்டயும் விவாதம் பண்ணாதீங்க, எந்திரிச்சு கொஞ்சம் நடந்துட்டு வாங்க. இந்த டோர்னமெண்ட்டுங்க ஸ்விஸ் முறை, அதுல ஒரு தோல்வியால வெளிய அனுப்ப மாட்டாங்க, அடுத்த ரவுண்டுலயும் உங்கள மாதிரியே ஒண்ணு தோத்தவங்கதான் எதிர்ல வருவாங்க.

முடிஞ்ச மறுநாள் அந்தக் குறிப்ப எல்லாம் எடுத்து ஒரே ஒரு விஷயம் எண்ணுங்க: உங்க ஆறு பேர்ல ஒவ்வொருத்தரையும் எத்தன கேம்ல எடுத்தீங்க. கிட்டத்தட்ட எடுக்கவே இல்லாத ஒருத்தர் கண்டிப்பா இருப்பாரு. அந்த ஒருத்தர மட்டும் மாத்துங்க, எந்த டீம் உங்கள அதிகமா தோக்கடிச்சுதோ அதுக்குப் பதில் சொல்ற மாதிரி ஒரு போகிமான அங்க வெச்சு, நோட்டுல அந்த டீமுக்கான பிளான மறுபடி எழுதிட்டு அடுத்த டோர்னமெண்ட்டுக்கு ரெஜிஸ்டர் பண்ணுங்க.